பெரிய கடல் மீனுக்கு ஸ்பின்னிங் ரீல் வாங்கப் போறீங்களா, முதல்ல லைன் என்னன்னு முடிவு பண்ணுங்க

ஜிடி (ஜயன்ட் ட்ரெவலி) பாறை, சூரை, மயில் மீன் மாதிரி பெரிய மீனுக்கு ரீல் வாங்கணும்னு நினைக்கிறவங்க நிறைய பேர் பெட்டி மேல போட்டிருக்க மேக்ஸ் ட்ராக் நம்பரத்தான் முதல்ல பாக்குறாங்க. ட்ராக்குங்குறது மீன் இழுக்கும்போது லைன் வெளிய ஓடுறத அழுத்திப் பிடிக்கிற பிரேக். 25 கிலோ ட்ராக்கா, சரி இதான் நல்ல ரீல்னு எடுத்துடறாங்க. என்னக் கேட்டா அந்த நம்பர கடைசியா பாத்தா போதும், பாக்கலன்னாலும் ஒண்ணும் குறைஞ்சுடாது. எந்த மீன், எந்த முறைல பிடிக்கப் போறோம், அதுக்கு எத்தனை நம்பர் பிரெய்ட் (பின்னல் லைன்) வேணும், அந்த பிரெய்ட் எத்தனை மீட்டர் வேணும், இந்த வரிசைல யோசிச்சா ரீல் சைஸ் தானா வந்து நிக்கும். தலைகீழா ரீல முதல்ல வாங்கிட்டு அப்புறம் லைன் தேடுனா ஒண்ணு ராடுக்கு பொருந்தாது, இல்லன்னா வேணுங்குற லைன் ஸ்பூல்ல (லைன் சுத்துற உருளை) பாதிதான் ஏறும்.

நம்ம தமிழ்நாட்டுக் கரைல சென்னை, ராமேஸ்வரம், தூத்துக்குடின்னு ஃபைபர் போட்ல போய் வஞ்சரம், நடுத்தர பாறை, கடல் விரால் இதுக்கு காஸ்டிங் (வீசிப் பிடிக்கிறது) பண்றவங்களுக்கு பிஇ 3ல இருந்து பிஇ 4 தாராளம், பிஇங்குறது பிரெய்ட் தடிமனச் சொல்ற நம்பர். மயில் மீன், நல்ல சைஸ் சூரைன்னா பிஇ 5, 6. அந்தமான் போய் பவளப்பாறை ஓரமா பெரிய பாப்பர் (தண்ணி மேல சத்தம் போட வச்சு இழுக்குற பொய் இரை) அடிச்சு ஜிடி பிடிக்கணும்னா பிஇ 8, அங்க 20, 30 கிலோ ஜிடி வந்தா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. ஜிடி எவ்வளவு பெருசா வளரும்னு தெரியணும்னா 2006ல ஜப்பான்ல ககோஷிமா பக்கம் பிடிபட்ட உலக ரெக்கார்டு மீன் 72.8 கிலோ. ஜிடி கொக்கில மாட்டுன உடனே நடுக்கடலுக்கு ஓடாது, நேரா பாறைக்கு அடில போகப் பாக்கும், அங்க போச்சுன்னா லைன் உரசி அறுந்துடும். அதனால ஜிடிக்கு தடிச்ச லைன், வலுவான ட்ராக். சூரை அப்படி இல்ல, அது ஆழத்துல ரொம்ப தூரம் ஓடும், அதுக்கு லைன் நீளமா வேணும், ட்ராக் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் விட்டுப் பிடிக்கலாம். ரெண்டுமே "பெரிய மீன்"தான், ஆனா கேக்குற ரீல் வேற.

பிஇ கணக்கு தெரியாதவங்களுக்கு ஒரு கை கணக்கு சொல்றேன், பிஇ நம்பர 10ஆல பெருக்கினா அந்த லைன் தாங்குற பவுண்ட் சுமாரா வந்துடும். பிஇ 4ன்னா 40 பவுண்ட், பிஇ 8ன்னா 80 பவுண்ட். நல்ல கம்பெனி லைன் இதுக்கு மேலயே தாங்கும், ஆனா முடிச்சு போட்ட இடத்துல கொஞ்சம் வலு குறையும், அதனால கம்மியா எடுத்துக்கிட்டு கணக்கு போடறதுதான் நல்லது.

இப்ப சைஸ் நம்பர். இதுலதான் புதுசா வர்றவங்க குழம்புறாங்க. 8000, 10000, 14000ங்குறது கிராமோ மீட்டரோ இல்ல, ஒவ்வொரு கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்கு வச்ச நம்பர். டைவா சால்டிகா முன்னாடி 5000, 6500னு வந்துச்சு, 2020ல வந்த மாடல்ல 8000, 10000, 14000, 18000, 20000னு மாத்திட்டாங்க, இப்ப அது ஷிமானோ நம்பருக்கு கிட்டத்தட்ட ஒத்துப் போகுது. ஆனா அதே டைவாவோட பழைய பிஜி (BG) 8000 ரீல கைல எடுத்துப் பாத்தா ஷிமானோ 8000 அது பக்கத்துல சின்னப் பையன். பென் ரீல் 8500, 9500, 10500னு தனி வழி. அதனால "அண்ணே 14000 இருக்கா"ன்னு கடைல கேக்காதீங்க, "பிஇ 6 எத்தனை மீட்டர் போகும்"னு கேளுங்க. ஸ்பூல் ஓரத்துலயோ பெட்டிலயோ அச்சடிச்சிருக்கும். சுமாரா சொல்லணும்னா ஷிமானோ 14000ல பிஇ 6 லைன் 300 மீட்டர் போகும், பிஇ 8 அதே 300 மீட்டர் வேணும்னா 18000 இல்ல 20000க்கு போகணும். பிஇ 4க்கு 8000, 10000 போதும். பாறை ஓரத்துல ஜிடிக்கு 300 மீட்டர் ஏகப்பட்டது, ஏன்னா 100 மீட்டர் ஓடிட்டாலே அது பாறைக்குள்ள போயிருக்கும். ஆனா அடிக்கடி முன்பக்கம் உரசுன லைன வெட்டி எறிய வேண்டி வரும், அதுக்கும் சேத்து வச்சுக்கணும். சூரைக்கு 400, 500 மீட்டர் இருந்தா மனசு நிம்மதி.

ட்ராக் பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும். பிஇ 8, 80 பவுண்ட், கிலோல 36. முடிச்சு, திடீர் இழுப்பு எல்லாத்துக்கும் இடம் விட்டு லைன் வலுவுல 25லிருந்து 30 சதவீதம்தான் ட்ராக் வைப்பாங்க, அப்ப 9லிருந்து 11 கிலோ. பிஇ 6க்கு 7, 8 கிலோ. பிஇ 4க்கு 5 கிலோ. அவ்வளவுதான். 25 கிலோ ட்ராக்க முழுசா இறுக்கி ஆடுற போட்ல நின்னு ராடு பிடிக்கவே முடியாது, உங்க இடுப்பும் முதுகும் விட்டுக் கொடுத்துடும், ஆளே தண்ணில விழுந்துடலாம். சந்தேகமா இருந்தா வீட்டுல 10 கிலோ அரிசி மூட்டைய லைன்ல கட்டி ராட வச்சு தூக்கிப் பாருங்க, புரிஞ்சுடும். அப்ப 25 கிலோன்னு போடறதுல அர்த்தம் இல்லையான்னா, இருக்கு, 25 கிலோ தாங்குற ரீல் 10 கிலோல அலட்டாம வேலை செய்யும். ஆனா 12 கிலோன்னு போட்ட நல்ல ரீல் 8 கிலோல வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி 25 கிலோன்னு போட்ட மட்ட ரீல் போகாது. பாக்க வேண்டியது நீங்க வைக்கப் போற அழுத்தத்துல அது எவ்வளவு சீரா ஓடுதுங்குறதுதான்.

இத எப்படி சோதிக்கணும்னா, ஒரு டிஜிட்டல் தொங்கு தராசு வாங்கிக்கோங்க, பெட்டி எடை போடறது இருக்கே அது, 40, 50 கிலோ வரைக்கும் காட்டும். லைன ராடு வளையம் வழியா விடாம ரீல்ல இருந்து நேரா தராசு கொக்கில கட்டுங்க, ஒருத்தர் ரீல கெட்டியா பிடிச்சுக்கட்டும், நீங்க தராச மெதுவா இழுங்க. ஸ்பூல் அசையாம நிக்கும்போது நம்பர் ஏறும், 6, 7, 7.5, 8, டக்குன்னு ஸ்பூல் அசையும், அசைஞ்ச உடனே நம்பர் இறங்கி ஒரு இடத்துல நிக்கும். அசையறதுக்கு முன்னாடி காட்டுன உச்ச நம்பருக்கும் ஓடும்போது காட்டுற நம்பருக்கும் வித்தியாசம் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்ல ட்ராக். 8ல அசைஞ்சு 7.6ல ஓடுனா சபாஷ். 8ல அசைஞ்சு 5.5ல ஓடி மறுபடி 7னு குதிச்சுக்கிட்டே இருந்தா அந்த ரீல் பெரிய மீனுக்கு வேண்டாம், ஏன்னா மீன் நின்னு நின்னு ஓடும், ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் அந்த உச்ச அழுத்தம் லைன்லயும் முடிச்சுலயும்தான் விழும். கடல்ல போறதுக்கு முன்னாடி ட்ராக் செட் பண்றதுக்கும் இதே தராசுதான், அப்ப ராட்ல லைன் கோத்து, மீன் இழுக்குற மாதிரி ராட சாய்ச்சுப் பிடிச்சு இழுக்கணும், வளையத்துல உரசுறதும் சேந்து உண்மையான கணக்கு வரும். கையால இழுத்துப் பாத்து "ம்ம் போதும்"னு விடாதீங்க, கைக்கு 4 கிலோவே 8 கிலோ மாதிரி தெரியும்.

இன்னொண்ணு, லைன் போகப் போக ட்ராக் தானா ஏறும். ஸ்பூல் நிறைஞ்சிருக்கும்போது லைன் சுத்து விட்டம் 70 மில்லிமீட்டர்னு வைங்க, மீன் 200 மீட்டர் இழுத்துட்டுப் போனதும் அது 50 ஆயிடுது. ட்ராக்குக்குள்ள அழுத்திப் பிடிக்கிற வாஷர் அதே இறுக்கத்துலதான் இருக்கு, ஆனா 8 கிலோவா வச்சது இப்ப 11 கிலோவுக்கு மேல. அதோட தண்ணில கிடக்குற அவ்வளவு நீள லைனோட இழுவையும் சேரும். அந்த நேரத்துல பதட்டத்துல ட்ராக் குமிழ இன்னும் இறுக்குறதுதான் நிறைய பேர் மீன விடற இடம். தள்ளி ஓடிட்டா கொஞ்சம் தளர்த்துங்க, இல்ல அப்படியே விடுங்க. பெரிய விட்டமான ஸ்பூல் இருக்க ரீல்ல இந்த ஏற்றம் கம்மியா இருக்கும், அதனால ஒரே லைனுக்கு ஒரு சைஸ் பெருசா எடுக்குறதுல நியாயம் இருக்கு, எடை மட்டும் கூடும்.

வாஷர் கார்பனான்னு பாருங்க. ஃபெல்ட் வாஷர் சின்ன மீனுக்கு ரொம்ப மெத்துன்னு நல்லா இருக்கும், ஆனா சூடு தாங்காது. 10 கிலோ ட்ராக்ல மீன் 200 மீட்டர் ஓடுச்சுன்னா சுமார் 20 கிலோஜூல் சூடு அந்த வாஷர்ல பிறக்குது, கால் லிட்டர் தண்ணிய 20 டிகிரி சூடாக்குற அளவு. உள்ளங்கைல அடங்குற இடத்துல அது அத்தனையும் சில நொடில. அதனாலதான் விலை கூடுன ரீல்ல ட்ராக் வாஷர் பெருசாவும் சூட்ட வெளிய தள்ளுற மாதிரி ஸ்பூலும் செஞ்சிருக்காங்க.

கியர் ரேஷியோவுக்கு வருவோம், கைப்பிடிய ஒரு சுத்து சுத்துனா ரோட்டார் (ஸ்பூல சுத்தி வந்து லைன ஏத்துற பாகம்) எத்தனை சுத்து சுத்துங்குற கணக்கு. ஷிமானோல பிஜி (PG), எச்ஜி (HG), எக்ஸ்ஜின்னு (XG) பேரோட கடைசில இருக்கும், டைவால பி, எச், எக்ஸ்எச். பிஜின்னா மெதுவா சுத்தும் ஆனா பலம், எக்ஸ்ஜின்னா வேகம். ஸ்டெல்லா எஸ்டபிள்யூ 14000 எக்ஸ்ஜி 6.2க்கு 1. ஸ்பூல் விட்டம் 6.6 சென்டிமீட்டர்னு வச்சா 6.2 ரேஷியோல ஒரு சுத்துக்கு சுமார் 1.3 மீட்டர் லைன் ஏறும், 4.9ல 1 மீட்டர். பாப்பர், ஸ்டிக்பெயிட் அடிக்கிறவங்களுக்கு வேகம் வேணும், ஏன்னா ஒவ்வொரு தடவை பாப் பண்ணதும் தொய்யுற லைன உடனே சுருட்டணும், ஜிடி மாட்டுனதும் போட்டை நோக்கி ஓடி வந்தா அதையும் பிடிக்கணும். ஆனா வேகத்துக்கு விலை உண்டு. கைப்பிடி நீளம் 7.5 சென்டிமீட்டர்னு வைங்க, லைன்ல 8 கிலோ இழுவை இருக்கும்போது 6.2 ரேஷியோல கைப்பிடில கிட்டத்தட்ட 22 கிலோ அழுத்தணும், 4.9ல 17 கிலோ. அதனாலதான் பெரிய மீன ரீல் சுத்தி இழுக்கக் கூடாதுங்குறது, ராட தூக்கி மீன மேல கொண்டு வந்து, ராட இறக்கும்போது மட்டும் சுத்தணும். ஆழத்துல ஜிக் (கனமான உலோகப் பொய் இரை) போடறவங்க, உயிர் இரை போட்டு காத்திருக்கிறவங்க குறைஞ்ச ரேஷியோ எடுத்தா கை பிழைக்கும். ரெண்டுமே செய்யப் போறேன், ஒரே ரீல்தான் வாங்க முடியும்னா எச்ஜி, அதாவது 5.6, 5.7 பக்கம் இருக்கறத எடுங்க.

பாடி, ரோட்டார் ரெண்டும் உலோகமா இருக்கணும், குறைஞ்சபட்சம் பாடியாவது. கார்பன் கலந்த பிளாஸ்டிக் பாடி எடை கம்மி, துரு பிடிக்காது, பிஇ 2, 3 வரைக்கும் அருமை. ஆனா 8 கிலோ இழுவைல அது லேசா வளையும், வளைஞ்சா உள்ள மெயின் கியரும் பினியனும் (அதோட சேர்ற சின்ன கியர்) சரியா உக்காராது, பல் தேயும், அப்புறம் சுத்தும்போது ஒரு கரகரப்பு வரும், அது வந்துட்டா போகாது. அதே மாதிரி உள்ள கியர் துத்தநாகக் கலவைல வார்த்ததா, பித்தளையா, அழுத்தி உருவாக்குன அலுமினியமான்னு கேளுங்க. துத்தநாகம் வேண்டாம். கைப்பிடி திருகி மாட்டுற வகையா இருக்கட்டும், மடக்குற கைப்பிடி மூட்டுல ஆடும். பிடிக்கிற குமிழ் உருண்டையா, டி (T) வடிவமாங்குறது உங்க கை சொல்றதுதான், ஆனா கை நனைஞ்சிருக்கும், மீன் ரத்தம், சன்ஸ்கிரீன் எல்லாம் பூசி இருக்கும், அப்ப வழுக்காம இருக்கணும்.

பெயில், அதாவது லைன பிடிச்சு ஸ்பூல்ல ஏத்துற கம்பி வளையம், அது பத்தி ஒரு எச்சரிக்கை. 150 கிராம் பாப்பர முழு பலத்தோட வீசும்போது பெயில் நடுவுல தானா மூடிக்கிச்சுன்னா லைன் சடார்னு நின்னு அறுந்து பாப்பர் தனியா பறந்து போயிடும், போட்ல பக்கத்துல இருக்கறவங்க மேல பட்டா அது பெரிய காயம். அதனால பெரிய கடல் ரீல்ல பெயில் கையால மட்டும் மூடற மாதிரி இருக்கறது நல்லது. தானா மூடுற ரீலா இருந்தாலும் கையாலயே மூடிப் பழகுங்க, மூடுனதும் லைன ஒரு இழு இழுத்து லைன் ரோலர்ல (பெயில் ஓரத்துல லைன் ஓடுற சின்ன உருளை) உக்காந்துச்சான்னு பாத்துட்டு அப்புறம் சுத்துங்க, தொளதொளன்னு சுத்து விழுறது பாதி குறையும்.

தண்ணி புகாத சீல் எல்லா கம்பெனியும் சொல்றாங்க, நம்பர் போட்டு சொல்றவங்கள நம்பலாம். ஐபிஎக்ஸ் 5ன்னா நிமிஷத்துக்கு 12.5 லிட்டர் தண்ணி பீய்ச்சி சோதிச்சது, ஐபிஎக்ஸ் 6ன்னா 100 லிட்டர். பென் ஸ்பின்ஃபிஷர் 6 ஐபிஎக்ஸ் 5, ஸ்லாமர் ஐபிஎக்ஸ் 6. ஆனா இந்த சோதனை எல்லாம் புது ரீல்ல, நல்ல தண்ணில செய்யறது. உப்பு காஞ்சு படிகமாகி சீல் ஓரத்துல உக்காந்து அரிக்கிறது அந்த நம்பர்ல வராது. டைவால மேக்சீல்னு காந்த எண்ணெய் வச்சு அடைக்கிற முறை இருக்கு, நல்லாவே வேலை செய்யும், ஆனா அந்த இடத்துல நாமளே ஆயில் விட்டா கெட்டுப் போயிடும், அதனால கழட்டி சுத்தம் பண்ணி பழக்கப்பட்டவங்க யோசிச்சுக்கணும். நானே திறந்து கிரீஸ் போட்டுக்குவேன்ங்குறவங்களுக்கு பென் ரீல்தான் ரொம்ப எளிது.

காசு விஷயம். சுமார் 20,000 ரூபாய் சுத்தி பென் ஸ்பின்ஃபிஷர், டைவா பிஜி (BG) கிடைக்கும், கரைலயும் ஃபைபர் போட்லயும் பிஇ 3, 4, 5 போடறவங்களுக்கு இதுக்கு மேல செலவு பண்ண அவசியமே இல்லங்குறது என் உறுதியான எண்ணம். அதுக்கு மேல ஸ்லாமர், ஷிமானோ சரகோசா. வருஷத்துக்கு ஒரு அந்தமான் ட்ரிப்புன்னாலும் சரகோசா தாங்கும், எடை மட்டும் நாள் முழுக்க பாப்பர் அடிச்சா சாயந்தரம் தோள்ல தெரியும். ட்வின் பவர், சால்டிகா, ஸ்டெல்லா எல்லாம் அதுக்கும் மேல, ஸ்டெல்லா ஒரு லட்சத்தத் தொடும். அந்தக் காசுக்கு என்ன கிடைக்குதுன்னா குறைஞ்ச எடை, சீரான ட்ராக், வருஷக்கணக்குல கரகரக்காத கியர். அடிக்கடி போறவங்களுக்கு நியாயம், எப்பவாவது போறவங்க அந்தக் காச நல்ல பிரெய்ட்லயும் லீடர்லயும் (பிரெய்ட் முனைல கட்டுற தடிச்ச லைன்) ட்ரிப்லயும் போடலாம். எதை வாங்குனாலும் வாங்குற கடைல பார்ட்ஸ் வருமா, சர்வீஸ் யார் பண்றாங்கன்னு முதல்லயே கேட்டுடுங்க. சிங்கப்பூர்ல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வர்ற ரீல் விலை கம்மியா இருக்கலாம், லைன் ரோலர் பேரிங் போச்சுன்னா எங்க போவீங்கன்னு யோசிச்சுக்கோங்க.

கடைல கைல எடுத்ததும் செய்ய வேண்டியது, ட்ராக்க முழுசா இறுக்கி ஸ்பூல பிடிச்சுக்கிட்டு கைப்பிடிய பின்பக்கமா சடார்னு தள்ளுங்க, ஒரு துளி கூட பின்னால போகக் கூடாது. பல தடவை செய்யுங்க. அந்த ஒன்வே கிளட்ச் வழுக்குனா மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னால சுத்தி விரல உடைச்சுடும். பழைய ரீல் வாங்குறவங்க இத கட்டாயம் செய்யணும். கூடவே லைன் ரோலர விரலால சுத்திப் பாருங்க, சிக்கினா உள்ள உப்பு. ஸ்பூல எடுத்துட்டு நடு தண்டு வளைஞ்சிருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க.

லைன் ஏத்துறதுல அவசரப்படாதீங்க. பிரெய்ட வெறும் ஸ்பூல்ல நேரா கட்டுனா மொத்தமா வழுக்கி சுத்தும், ட்ராக் போகுதுன்னு நினைச்சு நீங்க இறுக்கிக்கிட்டே இருப்பீங்க. அடில கொஞ்சம் தங்கூஸ் சுத்திட்டு அதுக்கு மேல பிரெய்ட் ஏத்துங்க. ஏத்தும்போது ஒருத்தர் ஈரத்துணியால லைன கெட்டியா பிடிக்கணும், தளர்வா ஏத்துனா பெரிய மீன் இழுக்கும்போது மேல் சுத்து கீழ் சுத்துக்குள்ள புதைஞ்சு சிக்கி அறுந்துடும். விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழ நிறுத்துங்க. பிரெய்டயும் லீடரயும் சேக்க எஃப்ஜி முடிச்சு பழகிக்கோங்க, வளையத்துல சிக்காம போகும்.

எடை கூடுன ரீல், தடிச்ச லைன் மீனுக்கும் நல்லதுங்குறத சொல்லியே ஆகணும். மெல்லிசு லைன்ல ஒரு மணி நேரம் போராடி களைச்ச மயில் மீன விட்டாலும் அது பிழைக்கிறது கஷ்டம், சுறா வந்து தின்னுடும். சீக்கிரம் கொண்டு வந்து சீக்கிரம் விடுங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவோட 21 தீவுகள சுத்தியும், அந்தமான்ல வண்டூர் பக்கம் இருக்க கடல் பூங்காவுலயும் தூண்டில் போடக் கூடாது, போட்காரர் கூட்டிட்டுப் போனாலும் வேண்டாம்னு சொல்லுங்க.

கரைக்கு வந்ததும் ட்ராக் குமிழ இறுக்கிட்டு நல்ல தண்ணிய மேல மெதுவா தெளிச்சு கழுவுங்க, பைப் வச்சு பீய்ச்சி அடிக்காதீங்க, உப்பத் தள்ளி உள்ள அனுப்பிடும். வாளித் தண்ணில முக்கவும் வேண்டாம். உதறி, துணியால ஒத்தி, நிழல்ல காய வைங்க. காஞ்சதும் லைன் ரோலர்ல ஒரு சொட்டு ஆயில், மேக்சீல் ரோலர்னா அதுவும் வேண்டாம். அப்புறம் ட்ராக்க முழுசா தளர்த்தி வைங்க, இறுக்கி வச்சா வாஷர் அமுங்கி ஒட்டிக்கும், அடுத்த தடவை தராசுல அந்த உச்ச நம்பர் எகிறும்.